முதலில் படுத்தவன்

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே பிள்ளையார்பாளையத்தில் எல்லாரும் நலம். தறிக்குப் புதுப் பாவு ஏற்றியாயிற்று. அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை. உன் அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. ஆனால் தேவலை என்று ஒத்துக்கொள்ளத்தான் மாட்டாள். உனக்குக் கருவடாம் போட்டு வைத்திருக்கிறாள். இப்போதைக்கு எண்ணெயில் பொரித்தது எதுவும் உனக்குக் கிடையாது என்று நான் சொன்னதில் என்மேல் கோபம்.

உன் அம்மாவுக்கு நீ போன் பண்ணியபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தானே பேசுவாள். மண்டல அரையிறுதி ரத்தாகிவிட்டது, ஹாஸ்டலில் மஞ்சள் காமாலை, டீமில் மட்டும் ஏழு பேர் படுத்துவிட்டார்கள் என்றாய். உனக்கு ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று கேட்டதும் அக்கா காமாட்சி அம்மன் கோயில் இருக்கிற திசை பார்த்துக் கும்பிட்டாள். அதற்கப்புறம் நீ சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "எல்லாம் அந்த கோல்கீப்பராலதாம்மா. ஊர்த் திருவிழாவுக்குப் போய் வாங்கிட்டு வந்தான். வந்தவன் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தாலாவது ஆடி முடிச்சிருப்போம்."

மாப்பிள்ளை, உன் ஆற்றாமை எனக்குப் புரியாமல் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து மைதானத்தைச் சுற்றி ஓடியவன் நீ. பள்ளியில் படிக்கும்போது மணி அடித்தாலும் எழாத பிள்ளை, பந்துக்காக எழுந்தாய். இது உனக்குக் கடைசி வருடம் வேறு. அடுத்த வருடம் ஆடிக்கொள்ளலாம் என்று யாராவது ஆறுதல் சொன்னால் உனக்கு எரிச்சல்தான் வரும். நான் அதைச் சொல்லப்போவதில்லை. போனது போனதுதான், பெரிய இழப்புதான். ஆனால் அந்த இழப்பைத் தூக்கி ஒருவன் தலையில் வைக்கிறாயே, அதைப் பற்றிப் பேச வேண்டும்.

நீ ஏழெட்டு வயதில் கோடை விடுமுறைக்கு இங்கே வந்திருந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? தெருவில் பாவு நீட்டியிருந்தோம். வெயில் ஏறுவதற்குள் இழை பார்த்து முடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். நீங்கள் ஒரு பட்டாளம், பந்தை உதைத்துக்கொண்டு வந்தீர்கள். பந்து போய்ப் பாவில் விழுந்தது, இழைகள் அறுந்தன. யார் என்று கேட்டதும் அத்தனை கைகளும் நீண்டது எதிர் வீட்டுக் குட்டிப் பயல் பக்கம். அவன் பந்தை எடுக்க ஓடிவந்தவன், பாவம். உதைத்தது யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றைக்கு அதைக் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன், பயப்படாதே! பந்து யார் கையில் இருந்ததோ அவன்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இப்போது மறுபடியும் அதேதான் நடக்கிறது. முதலில் படுத்தவன் எவனோ அவன்தான் நோயைக் கொண்டுவந்தவன் என்கிறீர்கள்.

உன் மேல் இருக்கும் அக்கறையில் நம் தெரு டாக்டரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன். உங்கள் ஹாஸ்டலில் வந்திருப்பது ஹெபடைட்டிஸ் ஏ என்கிற வகை. கழிவு கலந்த தண்ணீரிலோ சாப்பாட்டிலோ வருவது. அந்தக் கிருமி வயிற்றுக்குள் போய் நோய் வெளியே தெரிய 15 நாள் முதல் 50 நாள் வரை ஆகுமாம். பெரும்பாலும் நாலு வாரம். இப்போது நீயே கணக்குப் போட்டுப் பார். கோல்கீப்பர் பையன் ஊருக்குப் போய் வந்த ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது என்று நீதான் அம்மாவிடம் சொன்னாய். ஐந்து நாளில் இந்தக் கிருமி வேலை காட்டாது. அப்படியானால் திருவிழாவில் அவன் குடித்த நீர்மோரும் பானகமும் இதற்குப் பொறுப்பில்லை. அவன் ஊருக்கு பஸ் ஏறும்போதே நோய் அவன் உடம்பில் இருந்திருக்கிறது. எங்கே வாங்கினான்? உங்களோடு இருந்த இடத்திலேதான் இருக்கும்.

இன்னொன்றும் பார். அவனிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றியிருந்தால் அவர்கள் படுக்க இன்னும் சில வாரம் ஆகியிருக்க வேண்டும். நீ சொன்னபடி ஏழு பேரும் ஒரே வாரத்துக்குள் அடுத்தடுத்துப் படுத்திருக்கிறார்கள். ஏழு பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே இடத்தில் வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. அதில் ஒருவன் உடம்பு முதலில் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். அவன் முந்திக்கொண்டது படுப்பதில் மட்டும்.

இந்த இடத்தில் உனக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். கதை என்றால் நிஜமாய் நடந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்று ஓர் ஊர், அங்கே ஹோலி கிராஸ் கல்லூரி. அவர்கள் ஆடுவது நம் கால்பந்து இல்லை. முட்டை மாதிரி பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அதைத்தான் அவர்கள் ஃபுட்பால் என்கிறார்கள். 1969-ஆம் வருடம் அந்த டீம் முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. பிள்ளைகள் மைதானத்தில் சோர்ந்து சோர்ந்து விழுந்தார்கள். பார்த்தால் மஞ்சள் காமாலை. வீரர்களும் பயிற்சியாளர்களுமாக 97 பேரில் 90 பேருக்குத் தொற்றியிருந்தது. மிச்சம் எட்டு ஆட்டங்களும் ரத்து. அந்த வருடத்து ஆட்டமே முடிந்தது.

யார் கொண்டுவந்தது என்று அங்கேயும் கேட்டிருப்பார்கள், மனிதர்கள் எங்கும் மனிதர்கள்தானே. ஆனால் விசாரிக்க வந்த வைத்தியர்கள் நாளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்து வந்து சேர்ந்த முதலாமாண்டுப் பையன்களுக்கு நோய் இல்லை. அப்படியானால் அவர்கள் வருவதற்கு முன்னால் ஏதோ நடந்திருக்கிறது. தோண்டத் தோண்ட ஆகஸ்ட் 29-க்கு வந்து நின்றார்கள். அன்று ஊரில் ஒரு தீ விபத்து. தீயணைப்புக்காரர்கள் குழாயிலிருந்து ஏகமாய்த் தண்ணீர் எடுத்ததில் அழுத்தம் குறைந்துவிட்டது. மைதானத்துக்குப் போகிற அதே குழாய்த் தடத்தில் தரையோடு தரையாகப் பள்ளத்தில் பதித்த திறப்புகள் இருந்தன. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அந்தப் பள்ளத்துத் தண்ணீரில் விளையாடுவார்கள். அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே இந்தக் காமாலை இருந்தது. அழுத்தம் குறைந்ததும் பள்ளத்தில் தேங்கியிருந்த அழுக்குத் தண்ணீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொண்டது. அன்றைக்குப் பயிற்சி முடித்துத் தாகமாய் வந்தவர்கள் அதைக் குடித்தார்கள்.

இப்போது சொல், இதில் யாரைக் கட்டிவைத்து உதைப்பாய்? தீயை அணைத்தவர்களையா, தண்ணீரில் விளையாடிய குழந்தைகளையா, தாகத்துக்குக் குடித்த பையன்களையா? குற்றவாளி என்று கூண்டில் நிறுத்த ஆள் கிடைக்கவில்லை. ஆனால் காரணம் கிடைத்தது. தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் குழாயில் தடுப்பு வைக்க வேண்டும் என்பதற்கு இன்றைக்கும் அந்தச் சம்பவத்தைத்தான் பாடமாகச் சொல்கிறார்கள். முதலில் படுத்த ஒரு பையனைப் பிடித்து, "நீதான்டா" என்று மொத்தி அனுப்பியிருந்தால் அந்தக் குழாய் அப்படியே இருந்திருக்கும்.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. கோர்வைச் சேலைக்கு அவர் கை பெயர்போனது. உடலும் கரையும் வேறு வேறு நிறம், இரண்டும் சேருகிற இடத்தில் இழையோடு இழை கோத்துக்கொண்டே போக வேண்டும். ஒரே ஆளால் ஆகாது. தறிக்காரர் உட்கார்ந்திருப்பார், கரைக்கு நாடா போட ஓரத்தில் இன்னொருவர். சேலை முடிந்து நெசவாளர் சங்கத்தில் கொடுக்கும்போது கோர்வையில் குறை கண்டுபிடித்தார்கள் என்றால் போச்சு, கூலியில் பிடித்தம். இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். அப்படி வழக்கோடு வருகிறவர்களிடம் தாத்தா யார் போட்டது என்று கேட்டு நான் பார்த்ததில்லை. சேலையைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கம் கட்டை விரலால் தடவிக்கொண்டே போவார். "எந்த முழத்துல ஆரம்பிச்சுது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அந்த முழம் தெரிந்துவிட்டால் பாவில் முடிச்சா, சாயம் போட்டதில் இழை நைந்ததா, தறியில் கட்டு தளர்ந்ததா என்று பிடித்துவிடுவார். முக்கால்வாசி நேரம் இரண்டு பேருமே காரணமாக இருக்க மாட்டார்கள்.

நோயிலும் அப்படித்தான் கேட்க வேண்டும் மாப்பிள்ளை. யார் என்று கேட்காதே, எந்த நாள் என்று கேள். நாலைந்து வாரத்துக்கு முன்னால் நீங்கள் எல்லாரும் சேர்ந்து எங்கே சாப்பிட்டீர்கள், எங்கே குடித்தீர்கள்? வெளியூர் ஆட்டத்துக்குப் போய் வழியில் இறங்கிக் கரும்புச்சாறு குடித்ததாய் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாயே, அதில் ஐஸ் எங்கேயிருந்து வந்தது? ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டி கடைசியாக எப்போது கழுவினார்கள்? இதையெல்லாம் கேட்டால் அடுத்தவன் பிழைப்பான்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாமே என்றாயே, அதற்கு வருகிறேன். எனக்கு நிஜமாகவே வருத்தம் தந்தது அதுதான்.

அந்தப் பையன் சிறுநீர் மஞ்சளாய்ப் போகிறது என்று பி.டி. சாரிடம் தானே போய்ச் சொன்னான். அரையிறுதி வரப்போகிறது, தான் கோல்கீப்பர், தனக்கு மாற்று சரியில்லை, சொன்னால் டீமே திட்டும். எல்லாம் தெரிந்தும் சொன்னான். அவன் சொன்னதால்தான் மற்றவர்களுக்கும் பரிசோதனை நடந்தது. இந்த நோய் கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரத்தில்தான் ரொம்பப் பரவுமாம். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் ஏழு பேரும் ஆடியிருப்பார்கள், ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடித்திருப்பார்கள், எதிர் டீம் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். கல்லீரல் வீங்கிய உடம்போடு தொண்ணூறு நிமிடம் ஓடி யாராவது மைதானத்தில் விழுந்திருந்தால்? நினைக்கவே எனக்கு நடுக்கம் வருகிறது. நீ அவனுக்கு நன்றி சொல்ல வேண்டியவன், மாப்பிள்ளை.

நோயைச் சொன்னவன் மேலேயே பழி ஏறுவது உலகத்தில் ரொம்பப் பழைய வழக்கம். 1918-இல் உலகத்தையே சூறையாடிய விஷக் காய்ச்சல் இருக்கிறதே, நம் தேசத்தில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் ஜனங்கள் செத்தார்கள். அதற்கு ஸ்பானியக் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். அது ஸ்பெயினில் பிறந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. முதல் உலகப் போரில் இருந்த நாடுகள் பத்திரிகைகளை வாய் திறக்கவிடவில்லை. ஸ்பெயின் போரில் இல்லை, அதனால் அங்கே பத்திரிகைகள் உள்ளதை உள்ளபடி எழுதின. சொன்ன நாட்டுக்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

2021-இல் ஐ.பி.எல். நின்றதே, நீ அப்போது சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். கொல்கத்தா டீமில் ஆடிய நம் வருண் சக்கரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் கொரோனா தொற்று என்று மே 3-ஆம் தேதி கொல்கத்தா - பெங்களூரு ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். மறுநாள் மொத்தப் போட்டியையும் நிறுத்திவிட்டார்கள். வருண் ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரி போனதால்தான் வந்தது என்று அன்றைக்குத் தெருவெல்லாம் பேச்சு. நம் வீட்டுத் திண்ணையிலும் அதே பேச்சுதான். அவர் என்ன செய்தார் தெரியுமா? அசதியாகவும் லேசாகக் காய்ச்சல் மாதிரியும் இருந்ததும் பயிற்சிக்குப் போகாமல், உடனே டீம் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டார். இதை அவரே பின்னால் சொன்னார். அந்தச் சமயத்தில் பல டீமில் பல பேருக்கு வந்தது, சென்னை டீமின் பயிற்சியாளர் நம் பாலாஜிக்கும் வந்தது. அத்தனையும் ஒருவர் ஸ்கேனுக்குப் போனதால் வந்துவிடுமா?

நம் தெருவில் அந்தக் காலத்தில் அம்மை போட்டால் என்ன செய்வார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனோ? வாசல் நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலை செருகிவிடுவார்கள். "அம்மா வந்திருக்கா" என்பார்கள். அவ்வளவுதான், தெருவுக்கே தெரிந்துவிடும். வெளியாள் உள்ளே போக மாட்டார்கள், வீட்டில் தாளிக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் இளநீரும் நுங்கும் வாசல்படியில் வைத்துவிட்டுப் போவார்கள். யார் வீட்டிலிருந்து ஒட்டியது என்று ஒருவரும் ஆராய்ச்சி பண்ணியதில்லை. அம்மன் வருவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மருந்து தெரியாத காலம், பல உயிர் போயிற்று, அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் நோயை வாசலில் பகிரங்கமாகச் சொல்ல ஒருவரும் பயப்படவில்லை. சொன்னால் ஒதுங்குவார்கள், ஆனால் பழிக்க மாட்டார்கள் என்று தெரியும்.

அந்த நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதை 2020-இல் கொரோனா வந்தபோது கண்ணால் பார்த்தோம். மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கியவர்களும் காய் ஏற்றிவந்தவர்களும் ஊர் ஊராய்த் திரும்பினார்கள். கோயம்பேட்டிலிருந்து வந்தவன் என்றாலே ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். அதனால் எங்கிருந்து வந்தேன் என்பதையே மறைக்கத் தொடங்கினார்கள். மறைத்ததால் நோய்க்குத்தான் லாபம்.

இதற்காக, யாரையும் எதையும் கேட்கக் கூடாது என்று மாமா சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. கேட்க வேண்டிய இடம் உண்டு. நம் நாட்டுப் பெண்கள் கால்பந்து டீமுக்கு நடந்ததைக் கேட்டால் உன் ரத்தமும் கொதிக்கும். 2022 ஜனவரியில் பெண்கள் ஆசியக் கோப்பை நம் நாட்டில் நடந்தது. நாற்பது வருடத்துக்கும் மேல் கழித்து இங்கே வந்த போட்டி. அதில் நன்றாக ஆடினால் 2023 உலகக் கோப்பைக்கே போகலாம். நம் கடலூர்ப் பெண்கள் இந்துமதியும் சந்தியாவும் டீமில் இருந்தார்கள். 20-ஆம் தேதி ஈரானோடு கோல் இல்லாமல் சமன். 23-ஆம் தேதி நவி மும்பையில் சீன தைபேயோடு ஆட்டம். அதற்குள் டீமில் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கொரோனா தொற்று. ஆட 13 பேராவது இருக்க வேண்டும் என்பது விதி, அந்த 13 பேர் தேறவில்லை. ஆட்டம் ரத்தானது. அதோடு விட்டார்களா? விதிப்படி நம் டீம் போட்டியிலிருந்தே விலகியதாகக் கணக்கு எழுதினார்கள். ஈரானோடு ஆடிய ஆட்டம்கூட இல்லை என்று ஆகிவிட்டது.

அந்தப் பெண்கள் வெளியே ஒரு கடைக்குக்கூடப் போகாமல் ஓட்டலுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர்கள். அந்த ஓட்டல் ஊழியர்களுக்கே தொற்று இருந்தது என்று பயிற்சியாளர் டென்னர்பி வெளிப்படையாகச் சொன்னார். போட்டியை நடத்தியவர்களோ தங்கள் ஏற்பாடுகளில் குறை இல்லை என்று நின்றார்கள். என் மனசில் பட்டதைச் சொல்கிறேன்: அங்கே கேள்வி கேட்க வேண்டியது ஏற்பாட்டைக் கையில் வைத்திருந்தவர்களை. படுத்த பெண்களைத் தண்டித்த அந்த விதி அநியாயம். ஆட்டத்தைத் தள்ளிவைத்திருக்கலாம், வேறு ஆட்களைக் கூட்டிக்கொள்ள விட்டிருக்கலாம். நோய் வந்த டீமுக்குத் தோல்வியும் சேர்த்துக் கொடுத்தால், அடுத்த டீம் என்ன செய்யும்? மறைக்கத்தான் பார்க்கும்.

ஒன்றை மட்டும் கவனி. அந்த டீமில் எந்தப் பெண்ணும், முதலில் தொற்று வந்தவளைக் காட்டி "இவளால்தான்" என்று சொன்னதாக நான் எங்கேயும் படித்ததில்லை. சேர்ந்து போனார்கள், சேர்ந்து அழுதார்கள், மறுபடி பந்தை எடுத்தார்கள். 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று ஜெயித்து, தகுதிச் சுற்று ஆடியே ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள்.

ஆகவே நீ கேள்வி கேள், ஆனால் கேட்கிற இடத்தில் கேள். உங்கள் டீம் வாட்ஸ்ஆப் குரூப்பில் அந்தக் கோல்கீப்பர் பையன் போட்டோவைப் போட்டு அதன் கீழே சிரிப்புப் படம் ஒட்டியிருக்கிறீர்களே, அது கேள்வி ஆகாது. நாலு பேராகச் சேர்ந்து வார்டனிடம் போய், தொட்டி எப்போது கழுவப்பட்டது, தண்ணீரைப் பரிசோதித்தீர்களா, அந்த முடிவு எங்கே என்று மரியாதையாக எழுதிக் கொடுங்கள். தேதி போட்டுக் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் ஆகட்டும் தம்பி என்று அனுப்பிவிடுவார்கள், காகிதத்துக்குத்தான் பதில் வரும். டீமில் ஒருவன் ஒரு நோட்டு எடுத்து, யாருக்கு எந்தத் தேதி காய்ச்சல், எந்தத் தேதி கண் மஞ்சள் என்று எழுதட்டும். சுகாதாரத் துறையிலிருந்து யாராவது வந்து கேட்டால் அந்த நோட்டு தங்கம்.

எதிர்க் கல்லூரிக்காரர்கள் பயந்து ஓடிவிட்டார்கள் என்று பேசுகிறார்களாமே. பேசட்டும். அதற்குப் பதிலாக நீங்களும் எதையாவது எழுதப் போகாதீர்கள். டாக்டர் கொடுத்த சீட்டைப் பி.டி. சார் பல்கலைக்கழகத்துக்குக் காட்டுவார், வாக்ஓவரா மறு ஆட்டமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

இனி உன் உடம்பு விஷயம். இப்போது ஒன்றுமில்லை என்பதால் துள்ளாதே. 50 நாள் வரை வரலாம் என்று சொன்னேனே, அது உனக்கும் பொருந்தும். தடுப்பூசி இருக்கிறது, கிருமி பட்டிருந்தாலும் இரண்டு வாரத்துக்குள் போட்டால் தடுக்க வாய்ப்பு உண்டு என்கிறார் நம் டாக்டர். அங்கே டாக்டரிடம் கேள். கொதிக்கவைத்த தண்ணீரை மட்டும் குடி. உனக்கென்று ஒரு பாட்டில், அதில் உன் பெயர். மைதானத்தில் தாகம் என்று கண்ட பாட்டிலில் வாய் வைக்கிற பழக்கத்தை விடு. சாப்பிடும் முன்னும் கக்கூஸ் போய் வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவு. சின்ன வயதில் கையை நனைத்துவிட்டுக் கழுவிட்டேன் என்று அத்தையை ஏய்ப்பாயே, அந்த வித்தை இங்கே செல்லாது. பசி மந்தமானாலோ குமட்டினாலோ சிறுநீர் நிறம் மாறினாலோ அன்றைக்கே சொல். பெரிய ஆட்டம் இருந்தாலும் சொல். காய்ச்சல் என்று பாரசிட்டமாலை நீயாக வாங்கி விழுங்காதே, கல்லீரல் நொந்திருக்கும்போது அதையும் டாக்டர் சொல்லித்தான் போட வேண்டும். கீழாநெல்லி கொடுக்கலாமா என்று அத்தை கேட்கிறாள். டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அதற்கும் கோபம்.

அந்தப் பையன் இப்போது ஊரில் படுத்திருக்கிறான் என்கிறாய். யாரும் போன் பண்ணவில்லை என்றும் உன் வாயிலிருந்தே வந்துவிட்டது. காமாலையில் படுத்த பிள்ளைக்கு உடம்பு வலியைவிட இது பெரிய வலி. சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாரையும் நாசம் பண்ணிவிட்டோமே என்று கிடப்பான். அவன் அம்மா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த அம்மாவின் இடத்தில் உன் அம்மாவை வைத்துப் பார்.

டீமில் நீ சொன்னால் நாலு பேர் கேட்பார்கள், எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவனுக்கு நீ போன் பண்ண வேண்டும். ஐந்து நாள் கணக்கை அவனுக்குச் சொல். உன்னால் வந்ததில்லைடா என்று சொல். அதே கணக்கை குரூப்பிலும் உன் பெயரில் போடு, அந்தப் போட்டோவை எடுக்கச் சொல்லிக் கேப்டனிடம் பேசு. அவன் தேறி வந்ததும் லீவில் இங்கே கூட்டிக்கொண்டு வா. டாக்டர் சரி என்ற பிறகு, உன் அத்தை நெய்யும் மிளகும் போட்டுக் குடலை இட்லி அவித்துத் தருவாள்.

போன் பண்ணிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் மாமா
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்